புது மடக்குக் கத்தி விறைப்பாக இருக்கிறது: திருப்பி அனுப்பவா, பழக்கவா?

கேள்வி இதுதான்: மூன்று அங்குல அலகு, ஸ்டீல் பிடி, ஃப்ரேம் லாக் என்ற பூட்டு உள்ள ஒல்லியான மடக்குக் கத்தி ஒன்று வாங்கி நான்கு நாள் ஆகிறது. கட்டைவிரலால் தள்ளினால் பாதிதான் திறக்கிறது, விரல் வலிக்கிறது. முழுதாகத் திறந்துவிட்டால் பூட்டு ஒட்டிக்கொண்டு மூட விடுவதில்லை. மூடியிருக்கும்போது அலகு நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. போதாததற்கு கிளிப் பேன்ட் பாக்கெட்டின் ஓரத்தைப் பிய்க்கிறது. திருப்பி அனுப்பவா, போகப்போகப் பழகுமா?

அனுப்ப அவசரப்படாதீர்கள். நீங்கள் சொன்ன முதல் மூன்றும் புதுக் கத்திக்கு உரியவை, பெரும்பாலும் ஒரு மாதத்தில் சரியாகிவிடும். கிளிப் விஷயம் வேறு, அதைக் கடைசியில் சொல்கிறேன். எனக்கு இதில் என்ன தெரியும் என்றால், கோவையில் ஒரு டூல் ரூமில் பல வருடம் குப்பை கொட்டியவன், மடக்குக் கத்திகள் மேல் பைத்தியம் கொண்டவன், கையில் சின்னச் சின்னத் தழும்புகள் உள்ளவன்.

பழக்குவதற்கு முன் ஒரு சோதனை மட்டும் செய்துவிடுங்கள். கத்தியை முழுதாகத் திறந்து, வெட்டும் பக்கத்தில் அட்டையை மடித்து டேப் ஒட்டிவிடுங்கள். பிடியை ஓரமாகப் பிடித்து, மூடும் பாதையில் எந்த விரலும் இல்லாதபடி வைத்துக்கொண்டு, அலகின் முதுகை மேஜை விளிம்பில் மெதுவாக அழுத்துங்கள். ஓங்கித் தட்ட வேண்டாம், அது பூட்டைத்தான் கெடுக்கும். அழுத்தும்போது பூட்டு நழுவினாலோ, அலகு மேலும் கீழுமாக ஆடினாலோ அன்றைக்கே திருப்பி அனுப்புங்கள். பக்கவாட்டில் ஆடுவது வேறு. அது ஸ்க்ரூவின் வேலை, நாமே சரிசெய்துகொள்ளலாம். மேல்-கீழ் ஆட்டம் பூட்டின் குறை, எத்தனை மாதம் பழக்கினாலும் போகாது. மூடும்போது வெட்டும் விளிம்பு பிடியின் உலோகத்தில் உரசினாலும் அப்படியே.

இது தேறிவிட்டால், பாதியில் நிற்கும் பிரச்சினைக்கு வருவோம். இதில் பாதிக் குற்றம் உங்கள் கையுடையது.

மூடிய கத்தி பாக்கெட்டுக்குள் தானாகத் திறந்துகொள்ளாமல் இருக்க உள்ளே ஒரு ஏற்பாடு உண்டு. பூட்டுப் பட்டையின் உட்புறம் கடுகளவு குண்டு ஒன்று பதித்திருப்பார்கள். அலகின் அடிப்பகுதியில் அதற்கேற்ற சின்னக் குழி. மூடியதும் குண்டு குழியில் விழுந்து அலகைப் பிடித்துக்கொள்ளும். இதை டீடென்ட் என்பார்கள். திறக்க வேண்டுமென்றால் முதலில் அந்தக் குண்டைக் குழியிலிருந்து கிளப்ப வேண்டும். புதுக் கத்தியில் குழியின் விளிம்பு மழுங்காமல் இருக்கும், அதனால் முரண்டு பிடிக்கும்.

இப்போது உங்கள் கத்தியைத் திருப்பிப் பாருங்கள். ஃப்ரேம் லாக்கில் பூட்டு என்று தனியாக ஒன்றும் கிடையாது. பிடியின் ஒரு பக்கத்தகட்டையே அறுத்து, உள்பக்கமாக வளைத்து, அதையே பூட்டாக வைத்திருப்பார்கள். வலது கையால் பிடித்தால் உங்கள் நான்கு விரலும் சரியாக அந்தத் தகட்டின் மேல்தான் உட்காரும். கட்டைவிரலால் எவ்வளவு பலமாகத் தள்ளுகிறீர்களோ அவ்வளவுக்கு மற்ற விரல்களும் இறுகும், குண்டு இன்னும் ஆழமாகக் குழிக்குள் போகும். ஒரு கையால் கதவைத் தள்ளிக்கொண்டே மறு கையால் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டிருப்பது மாதிரி. வெளிநாட்டிலிருந்து ஒல்லிக் கத்தி வரவழைத்து "டிஃபெக்ட் பீஸ்" என்று என்னிடம் கொண்டு வந்தவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் கோளாறு. கத்தி ஒல்லியாக இருந்தால் விரல் வைக்க வேறு இடமே இருக்காது, அதனால் இன்னும் மோசம். விரல்நுனிகளைத் தகட்டிலிருந்து எடுத்து, கிளிப்பின் மேலோ பிடியின் ஓரத்திலோ வையுங்கள். கட்டைவிரலை மேல்நோக்கி அழுத்தாமல், கையிலிருந்து வெளிப்பக்கமாக ஒரு வில் வரைவது போலத் தள்ளுங்கள். மெதுவாகத் தள்ளினால் பாதியில்தான் நிற்கும். ஒரே சுண்டு. இப்போதே செய்து பாருங்கள், அப்புறம் மேலே படியுங்கள்.

இந்தப் பூட்டுகளின் கதை சுவையானது. பிடிக்குள் ஒரு மெல்லிய தகடு வந்து அலகைத் தாங்கும் லைனர் லாக் பழைய யோசனைதான், அமெரிக்காவில் எலக்ட்ரீஷியன்களின் கத்தியில் பல காலமாக இருந்தது. 1980-களின் தொடக்கத்தில் மைக்கேல் வாக்கர் என்ற கத்தி வினைஞர் அதில் இந்த டீடென்ட் குண்டைச் சேர்த்து, ஒரே கையால் திறந்து மூடும் இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். 1990-ஐ ஒட்டி தென்னாப்பிரிக்காவிலிருந்து அமெரிக்கா போன கிறிஸ் ரீவ், தனித் தகடே வேண்டாம், பிடியின் பக்கத்தையே பூட்டாக்கிவிடலாம் என்று செய்தது ஃப்ரேம் லாக். அவருடைய அந்தக் கத்திக்கு செபென்சா என்று பெயர், ஸூலு மொழியில் வேலை என்று அர்த்தம். இந்த இரண்டு பேர் இல்லையென்றால் உங்கள் கையில் இருக்கும் ஒல்லிக் கத்தியும் இல்லை.

சரி, வேலையைத் தொடங்குவோம். முதலில் குளிப்பாட்டுங்கள். தொழிற்சாலையில் பாலிஷ் போட்ட பொடி, கெட்டிக் கிரீஸ், சில சமயம் உலோகத் துகள் எல்லாம் அலகு சுழலும் அச்சைச் சுற்றி அடைந்திருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் லிக்விட் இரண்டு சொட்டு விட்டு, கத்தியை முக்கி, தண்ணீருக்குள்ளேயே இருபது தடவை திறந்து மூடுங்கள். கறுப்பாக ஒரு நூல் மாதிரி கசிவு வரும், அதுதான் உங்கள் கட்டைவிரலை வலிக்கவைத்த ஆசாமி. நல்ல தண்ணீரில் அலசி, உதறி, ஃபேனுக்கு அடியில் ஓர் இரவு வையுங்கள். வெயிலில் போட்டாலும் சரி. முழுக்கக் காய்ந்த பிறகு அச்சின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு சொட்டு எண்ணெய், குண்டு உரசும் தடத்தில் ஊசிமுனையால் தொட்டு ஒரு துளி. அவ்வளவுதான். நிறைய விட்டால் பாக்கெட் பஞ்சும் மண்ணும் அதில் ஒட்டி மறுபடி விறைக்கும்.

எந்த எண்ணெய்? தையல் மெஷின் எண்ணெய் போதும். பழம் வெட்டுகிற கத்தி என்றால் மருந்துக் கடையில் மலச்சிக்கலுக்கு விற்கும் லிக்விட் பாரஃபின் வாங்கிக்கொள்ளுங்கள், வாயில் பட்டாலும் கவலையில்லை. வீட்டில் இருக்கிறதே என்று நல்லெண்ணெய் விடாதீர்கள், நாளாக நாளாகப் பிசினாகிவிடும். தேங்காய் எண்ணெய் அலகின் மேல் தடவ நல்லது, பலாப்பழம் வெட்டுகிறவர்களுக்குத் தெரியும், பால் ஒட்டாது. அச்சுக்குள் வேண்டாம். சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது உறையும். டிசம்பரில் ஊட்டிக்குப் போய்ப் பாக்கெட்டிலிருந்து எடுத்தால் கத்தி குளிரில் விறைத்த ஆளைப் போல நிற்கும். பளபளவென்று நீலக் கேனில் வரும் துரு நீக்கி ஸ்பிரே சுத்தம் செய்ய உதவும், ஆனால் அது தங்கும் எண்ணெய் அல்ல. அடித்துவிட்டு அதை நம்பி இருக்காதீர்கள்.

அப்புறம் பழக்கம். ஒரு நாளைக்கு ஐம்பது தடவை, பத்து நாள். ஒரே நாளில் ஐந்நூறு போட்டால் கத்தி பழகுமோ இல்லையோ கட்டைவிரல் தோல் உரிந்துவிடும். பாக்குவெட்டி புதிதாக வாங்கினால் முதல் வாரம் பாட்டியின் கை நோகும், பிறகு அதுவே வழுக்கிக்கொண்டு போகும், ஞாபகம் இருக்கிறதா? அந்த ரிவெட்டுக்குள் நடப்பதுதான் இங்கேயும் நடக்கிறது. அலகுக்கும் பிடிக்கும் நடுவே இரண்டு வாஷர் இருக்கும், நல்ல கத்தியில் பெரும்பாலும் பாஸ்பர் பிரான்ஸ் என்னும் வெண்கலம். புதிதில் அதன் பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம். திறந்து மூட, மேடெல்லாம் தேய்ந்து கண்ணாடியாகும். குண்டு அலகின் அடியில் மெல்லிய வளைகோடு ஒன்று போட்டுவிடும். அதைப் பார்த்துக் கீறல் என்று பயப்பட வேண்டாம், அது குண்டு நடந்த பாதை. பூட்டுத் தகட்டின் நுனியும் அலகின் சரிவும் ஒன்றுக்கொன்று படிந்துகொள்ளும். முதல் இருநூறு தடவைக்குப் பிறகு எண்ணெய் சாம்பல் நிறமாக வெளியே வரும். துடைத்துவிட்டுப் புதிதாக ஒரு சொட்டு விடுங்கள். பழைய பைக்குகளுக்கு ரன்னிங்-இன் முடிந்ததும் ஆயில் மாற்றுவோமே, அதேதான்.

வீட்டில் அம்மா இருந்தால் ஒரு எச்சரிக்கை. கத்தரிக்கோலை வெறுமனே வெட்டினால் வீட்டில் சண்டை வரும் என்று சொல்கிற தலைமுறை, மடக்குக் கத்தியை டக்கு டக்கென்று ஐம்பது தடவை திறந்து மூடினால் சும்மா இருக்காது. என் வீட்டில் கத்தியால் சண்டை வந்ததில்லை, அந்தச் சத்தத்தால் வந்திருக்கிறது. மொட்டை மாடிக்குப் போய்விடுங்கள்.

உங்கள் கத்தியில் வாஷருக்குப் பதில் பேரிங் இருந்தால் இவ்வளவு பழக்கம் தேவைப்படாது, முதல் நாளே சறுக்கும். விறைப்பாக இருக்கிறது என்று நீங்கள் சொல்வதால் வாஷர் என்றே எடுத்துக்கொள்கிறேன். நம் ஊர்ப் புழுதிக்கு வாஷர்தான் மேல் என்பது என் கட்சி. பேரிங்கின் குண்டுகளுக்கு நடுவே மணல் ஒரு பருக்கை புகுந்தால் கரகரவென்று பல் கூசும். வாஷர் அதைப் பொருட்படுத்தாது.

மூடும் முறையையும் இந்தப் பத்து நாளில் கை கற்றுக்கொள்ள வேண்டும். புதியவர்கள் விரலை வெட்டிக்கொள்வது திறக்கும்போது அல்ல, மூடும்போதுதான். கட்டைவிரலால் பூட்டுத் தகட்டை ஒதுக்குங்கள். மறு கையால் அலகின் முதுகைப் பிடித்து ஒரு விரற்கடை மட்டும் மடக்குங்கள். அலகு பூட்டைத் தாண்டியதும் கட்டைவிரலைப் பாதையிலிருந்து எடுத்துவிட்டு, பிறகே முழுதாக மூடுங்கள். கத்தி பழகிய பிறகு அலகு தன் எடையிலேயே விழ ஆரம்பிக்கும். ஆஹா என்று இருக்கும், அந்த வாரம்தான் கவனமாக இருக்க வேண்டிய வாரம். விறைப்பான கத்திக்குப் பழகிய விரல் அப்போதும் பழைய இடத்திலேயே நின்றுகொண்டிருக்கும்.

பூட்டு ஒட்டிக்கொள்வதற்கு எளிய வைத்தியம் பென்சில். நல்ல மென்மையான பென்சில், 4பி கிடைத்தால் சரி. கத்தியைப் பாதி மடக்கி, பூட்டு வந்து உட்காரும் அலகின் சரிவில் லேசாக இரண்டு கோடு தேயுங்கள். ஒரே மாதிரி உலோகம் இரண்டு அழுத்தி உரசினால் கடித்துக்கொள்ளும். பென்சில் கரி நடுவில் போய் அந்தக் கடியை விடுவிக்கும். அளவுக்கு மீறித் தேய்த்தால் பூட்டு வழுக்கும், ஆகவே இரண்டு கோட்டோடு நிறுத்துங்கள். ஒரு வாரத்தில் கரி போய்விடும், அதற்குள் பரப்பு படிந்திருக்கும். எக்காரணம் கொண்டும் அரத்தையோ உப்புத்தாளையோ அங்கே காட்டாதீர்கள். அந்தச் சரிவின் கோணம் ஒரு துளி மாறினாலும் பூட்டு பூட்டாக இருக்காது. திறந்த கத்தியில் பூட்டுத் தகடு அலகின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வந்து நின்றால் நல்லது. வருடங்கள் போகப்போக அது எதிர்ப்பக்கம் நகரும். நகர இடம் மிச்சம் இருக்க வேண்டும், அதனால்தான் புதிதில் கொஞ்சமாகத் தொட்டுக்கொண்டிருப்பது குறையல்ல.

அலகு ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்றீர்களே, அது உரசுகிறதா? உரசவில்லை என்றால் பத்து நாள் முடியும்வரை ஸ்க்ரூவைத் தொடாதீர்கள். வாஷர் படிந்ததும் பல கத்திகளில் தானாக நடுவுக்கு வரும். வரவில்லை என்றால் அச்சு ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருப்பலாம். அதன் தலையில் ஆறு முனை நட்சத்திரக் குழி இருக்கும், அதற்கான பிட்டின் அளவு அச்சுக்கு அநேகமாக டி8, பிடி ஸ்க்ரூவுக்கு டி6. மொபைல் ரிப்பேர் கிட்டில் வரும் மலிவு பிட் போட்டால் குழி வட்டமாகிவிடும், அதற்கப்புறம் கடவுளே வந்தாலும் கழற்ற முடியாது. பிட்டுக்கு மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள்.

திருப்பும் அளவு, கடிகார முள் ஐந்து நிமிடம் நகரும் தூரம். அதற்கு மேல் வேண்டாம். ஒரு தடவை திருப்பி, பத்து தடவை திறந்து மூடி, பக்கவாட்டில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்து, மறுபடி. இறுக்கினால் ஆட்டம் போகும், விறைப்பு வரும். தளர்த்தினால் எதிர்மாறாக. இரண்டுக்கும் நடுவில் தலைமுடி அகலத்துக்கு ஒரு இடம் உண்டு, அதைக் கண்டுபிடிப்பதில்தான் முழு சுகமும். ஸ்க்ரூ அசையவே இல்லையென்றால் மறையில் நீல நிறப் பசை போட்டிருப்பார்கள். பலத்தைக் காட்டாமல், சால்டரிங் அயர்ன் நுனியை ஸ்க்ரூ தலையில் அரை நிமிடம் வைத்துச் சூடாக்குங்கள், இளகிவிடும். முழுக்கக் கழற்றி உள்ளே பார்க்கும் ஆசை வரும். எனக்கும் வந்தது. முதல் கத்தியைக் கழற்றி, வாஷர் ஒன்று கட்டிலுக்கடியில் உருண்டு, இரண்டு நாள் தேடினேன். கழற்றினால் வாரண்டி போய்விடும் என்று சொல்லும் கம்பெனிகளும் உண்டு, டப்பாவில் வந்த தாளைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இவ்வளவும் செய்தாலும் வெறுமனே திறந்து மூடிக்கொண்டே இருந்தால் கத்தி கையோடு ஒட்டாது. வெட்டுங்கள். கூரியர் டப்பா, சணல் கயிறு, கொய்யாப்பழம், வாழையிலை, பென்சில், கேபிள் டை. எந்த இடத்தில் பிடித்தால் விரல் நழுவுகிறது, எவ்வளவு அழுத்தினால் போதும் என்பது அப்போதுதான் தெரியும். டேப் பசை அலகில் ஒட்டினால் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடையுங்கள், சுரண்ட வேண்டாம்.

ஒல்லிக் கத்திக்கு என்று ஒரு வரம்பு உண்டு. முனை வரவர மெலிந்து ஊசி மாதிரி போகும். அதனால்தான் அது டப்பாவின் டேப்பை வெண்ணெய் மாதிரி கிழிக்கிறது, அதனால்தான் எதையாவது நெம்பினால் பட்டென்று உடைகிறது. நான் உடைத்தது தேங்காயில். பூஜை முடிந்து உடைத்த மூடி, ஒரு பத்தை கிளப்பலாம் என்று ஓட்டுக்கும் பருப்புக்கும் நடுவே விட்டு நெம்பினேன். ஐந்து மில்லிமீட்டர் முனை தேங்காய்க்குள்ளேயே நின்றுவிட்டது. பிரசாதத்தில் இரும்பு. அன்று வாங்கிய திட்டு தனிக்கதை. நெம்ப, தோண்ட, ஸ்க்ரூ திருக, இளநீர் சீவ இது ஆகாது. அதற்கெல்லாம் அரிவாளும் ஸ்க்ரூ டிரைவரும் இருக்கின்றன.

இன்னொரு பாடம் ஆயுத பூஜையில். அம்மா எல்லா ஆயுதத்துக்கும் சந்தனம் குங்குமம் வைத்தபோது என் கத்திக்கும் தாராளமாக வைத்தார். ஈரச் சந்தனம் அச்சுக்குள் இறங்கி, பூஜையில் வைத்ததை உடனே எடுக்கக்கூடாது என்பதால் அப்படியே இருந்து, மூன்றாம் நாள் திறந்தால் செம்பழுப்பாகத் துரு. இப்போதெல்லாம் டப்பாவின் மேல் பொட்டு வைக்கச் சொல்லிவிட்டேன்.

துரு என்றதும் உங்கள் அலகின் அடியில் பொறித்திருக்கும் எழுத்தைப் பாருங்கள். டி2 என்றிருந்தால் அது முழுத் துருப்பிடிக்காத ஸ்டீல் அல்ல. குரோமியம் 12 சதவீதம் அளவுக்கு இருந்தாலும், கார்பன் 1.5 சதவீதம் இருப்பதால் அந்தக் குரோமியத்தில் ஒரு பகுதியைக் கார்பன் தன்னோடு கட்டிப்போட்டுவிடும், துருவைத் தடுக்க மிஞ்சுவது குறைவு. கூர் நன்றாக நிற்கும். ஆனால் சென்னை, தூத்துக்குடி உப்புக் காற்றிலும் நம் வியர்வையிலும் புள்ளி விழும். மாங்காய் வெட்டினால் உடனே கழுவித் துடைக்க வேண்டும். 14சி28என் என்றிருந்தால் நிம்மதி. சுவீடனின் சான்ட்விக் உருவாக்கிய ஸ்டீல், குரோமியம் 14 சதவீதம், கார்பனைக் குறைத்து கொஞ்சம் நைட்ரஜன் சேர்த்தது. கூர் டி2 அளவுக்கு நிற்காது, ஆனால் சீக்கிரம் தீட்டலாம், கடலோரத்துக்கும் தாங்கும். எனக்குக் கேட்டால் தினமும் பாக்கெட்டில் போட இதுவே.

தீட்டுவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இரண்டு மாதத்தில் கேட்பீர்கள். தெருவில் சைக்கிளில் சாணை பிடிக்க வருகிறவரிடம் இதைக் கொடுக்காதீர்கள். அவர் அரிவாள்மனைக்கும் கத்தரிக்கோலுக்கும் கெட்டிக்காரர். இந்த மெல்லிய அலகு அந்தச் சக்கரத்தில் நொடியில் சூடேறும். விளிம்பு நீலமாகிவிட்டால் பதம் போச்சு, அதன் பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. ஆயிரம் கிரிட் கல் ஒன்று வாங்கி நீங்களே தீட்டுங்கள். கோணம் பக்கத்துக்கு 20 டிகிரி. அளக்கக் கருவி வேண்டாம்: அலகைக் கல்லின் மேல் நெட்டுக்குத்தாக நிறுத்துங்கள், பாதி சாயுங்கள், அதில் பாதி சாயுங்கள், 22 டிகிரி சொச்சம் வந்துவிடும், இன்னும் ஒரு துளி சாய்த்தால் போதும். வெட்டுவாயில் மார்க்கர் மை தடவிக்கொண்டு தேயுங்கள். மை எங்கே அழிகிறதோ அங்கே கல் படுகிறது. நுனிவரை அழிந்தால்தான் கோணம் சரி. எதிர்ப்பக்கத்தில் மெல்லிய பிசிறு விரலுக்குத் தட்டுப்படும்வரை ஒரு பக்கம், பிறகு மறு பக்கம், கடைசியாகப் பழைய தோல் பெல்ட்டில் அலகைப் பின்னோக்கி இழுத்துப் பிசிறை எடுத்துவிடுங்கள். செய்தித்தாளின் ஓரத்தை இழுக்காமல் அறுத்தால் போதும். கைமயிரைச் சிரைத்துக் காட்டும் வித்தை யூடியூப்காரர்களுக்கு.

வெளியே எடுத்துப் போவது பற்றி. ஆயுத விதிகளின்படி 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள்தான் உரிமம் கேட்கும் பட்டியலில் வரும், அதிலும் வீட்டுக்கும் விவசாயத்துக்கும் செய்தவை சேராது. உங்கள் மூன்று அங்குலம் அந்தப் பக்கமே போகவில்லை. ஆனால் டெல்லிக்குப் போனால் கதை வேறு. பட்டன் கத்தி, ஸ்பிரிங் கத்தி, இயந்திர ஏற்பாட்டால் திறந்து மூடும் மற்ற கத்திகள், இவற்றின் அலகு 7.62 சென்டிமீட்டர் நீளமும் 1.72 சென்டிமீட்டர் அகலமும் எட்டினால் பொது இடத்தில் வைத்திருக்கக் கூடாது என்று 1980-லேயே அங்கே அறிவிக்கை உண்டு. 7.62 சென்டிமீட்டர் என்பது சரியாக மூன்று அங்குலம், நீங்கள் கோட்டின் மேலேயே நிற்கிறீர்கள். லண்டனில் இருக்கும் மச்சானுக்குப் பரிசாகவும் வாங்கிப் போகாதீர்கள். அங்கே மூன்று அங்குலத்துக்குள் இருக்கும் பூட்டில்லாத பேனாக்கத்திக்குத்தான் விலக்கு. பூட்டு இருந்தால், தக்க காரணமில்லாமல் வெளியே கொண்டுபோவது குற்றம். விமானத்தில் கைப்பையில் வைத்தால் எங்கேயும் பிடுங்கிக்கொள்வார்கள், செக்-இன் பெட்டியில் போடுங்கள். உள்ளூரிலும் சட்டம் ஒன்று, ராத்திரி வண்டியை நிறுத்திச் சோதிக்கும் காவலரின் முகம் ஒன்று. பட்டன் கத்தி என்றாலே சினிமா வில்லன் ஞாபகம் வரும் ஊர் இது. பொதுக்கூட்டம், கோயில் திருவிழா, கலெக்டர் ஆபீஸ் என்றால் நான் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறேன்.

இனி அந்தக் கிளிப். அது துணியைக் கிழிக்கவில்லை, அறுக்கிறது. கிளிப்பின் நுனி பிடியைத் தொடும் இடத்தில் ஓரம் கூர்மையாக இருக்கும், நகத்தால் தடவினால் தெரியும். நுண்ணிய உப்புத்தாளால் அந்த ஓரத்தை மட்டும் நாலு தேய் தேயுங்கள் (பூட்டுக்கு வேண்டாம் என்றேன், கிளிப்புக்குத் தாராளமாக). பிடி மிகவும் இறுக்கமாக இருந்தால் கிளிப்புக்கு அடியில் பழைய ஏடிஎம் கார்டு ஒன்றைச் செருகி ஓர் இரவு விட்டால் கொஞ்சம் தளரும். கிழிந்த பாக்கெட்டைத் தையல்காரரிடம் கொடுத்து, ஓரத்தின் உள்பக்கம் இரண்டு அங்குலத்துக்கு ஜீன்ஸ் துண்டு வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். எதற்கு என்று கேட்டால் சாவிக்கொத்து என்று சொல்லுங்கள்.